மனச்சோர்வு மாத்திரையை நிறுத்துவது குறித்து ஒரு திருத்தம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் சென்ற வாரம் வெளியான மன அழுத்தம் பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். மூச்சுப் பயிற்சி, நடைப்பயிற்சி, நேரத்துக்கு உறங்குவது என்று அதில் சொல்லப்பட்டவற்றில் எனக்கு மறுப்பு ஏதுமில்லை. ஆனால் கட்டுரையின் இறுதியில், மனநல மருத்துவர்கள் தரும் மாத்திரைகள் தூக்க மாத்திரையைப் போலப் பழக்கமாகிவிடும் என்று ஒரு வரியும், ஆகவே மனம் தெளிந்தவுடன் அவற்றை நிறுத்திவிடுவதே நல்லது என்று இன்னொரு வரியும் இருந்தன. 12 ஆண்டுகளாக அத்தகைய மாத்திரை ஒன்றை எடுத்துவருபவன் என்ற முறையிலும், நடுவில் ஒருமுறை அந்த இரண்டாம் வரி சொல்வதை அப்படியே செய்து பார்த்தவன் என்ற முறையிலும் இக்கடிதத்தை எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன்; கணக்கெழுதிப் பிழைப்பவன். எண்களைக் கண்டால் நின்று பார்த்துவிட்டுப் போகும் வழக்கம் மட்டும் உண்டு.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வேலை குவிந்தால் வருகிற நெருக்கடியையும், மருத்துவர்கள் நோயாகக் கணிக்கிற நிலையையும் நம் ஏடுகள் ‘மன அழுத்தம்’ என்ற ஒரே சொல்லால் குறித்துவருகின்றன. முன்னது ஒரு சுமையின் விளைவு. சுமை இறங்கினால் பெரும்பாலும் அதுவும் இறங்கிவிடும். பின்னதற்கு மனச்சோர்வு என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக்கும்போது, முதலாவதற்குச் சொல்ல வேண்டிய அறிவுரை இரண்டாவதற்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. நாலு இடம் சுற்றிவிட்டு வந்தால் சரியாகிவிடும் என்று கேட்டு, சுற்றியும் வந்து, அப்போதும் சரியாகாததற்குத் தன்னையே நொந்துகொள்பவர்களில் நானும் ஒருவனாக இருந்தேன்.

மனச்சோர்விலும் நாட்பட்டது என்று ஒரு வகை உண்டு. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்க்கணிப்புக் கையேடு 1980-இல் இதன் மிதமான வடிவத்துக்கு டிஸ்தைமியா என்று இடம் கொடுத்தது. 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பு, அதையும் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் கடுமையான மனச்சோர்வையும் சேர்த்து, நீடித்த மனச்சோர்வுக் கோளாறு என்ற ஒரே தலைப்பின் கீழ் வைத்தது. பெரியவர்களானால் 2 ஆண்டுகள், சிறுவர்களும் பதின்வயதினரும் ஆனால் 1 ஆண்டு, பெரும்பாலான நாட்களில் மனம் தாழ்ந்தே இருந்திருக்க வேண்டும் என்பது அதன் அளவுகோல். கையேட்டில் இது இரண்டு வரிதான். வாழ்ந்து பார்ப்பவருக்கு அது எப்படி இருக்கும் என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்நோயைப் பக்கத்தில் இருப்பவர்கள் கண்டுகொள்ளாமல் போவதற்கே அதன் மிதம்தான் காரணம்.

நான் அழுதுகொண்டு படுத்துக் கிடக்கவில்லை. நாள் தவறாமல் வேலைக்குப் போனேன். ஆண்டு முடிவில் ஐந்தொகையும் பிழையில்லாமல் தயாரித்தேன். பிறர் சிரித்தபோது, இது சிரிக்க வேண்டிய இடம் என்று புரிந்துகொண்டு ஒரு நொடி தாமதமாகச் சிரித்தேன். காலையில் பல் துலக்குவதற்கு முன், அதற்காக எழுந்திருக்க வேண்டுமே என்ற நினைப்பிலேயே அரைமணி நேரம் கழியும். பதினேழு வயதில் தொடங்கிய இது முப்பதைத் தாண்டியும் விடாமல் இருந்ததால், ‘அவன் சுபாவமே அப்படி, கலகலப்பாக இருக்கமாட்டான்’ என்று வீட்டில் சொன்னார்கள்; நானும் அதை நம்பினேன். நன்றாக இருந்து திடீரென்று சோர்ந்துபோனவருக்கு முன்பு எப்படி இருந்தோம் என்ற நினைவாவது மிஞ்சும். என்னைப் போன்றவர்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்கவும் எதுவும் இருப்பதில்லை. முதன்முதலில் என்னைப் பார்த்த மனநல மருத்துவர், கடைசியாக நீங்கள் நன்றாக உணர்ந்த காலம் எது என்று கேட்டார். நான் வெகுநேரம் யோசித்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். அவர் அதைத்தான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

அவர் உடனே மாத்திரை எழுதிவிடவுமில்லை. தைராய்டு குறைவும் இரத்தச்சோகையும் இதே போன்ற சோர்வைத் தரக்கூடும் என்பதால் முதலில் இரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார். உறக்கமே இல்லாமலும் களைப்பின்றி, அளவுமீறிய உற்சாகத்தோடு நாட்கணக்கில் இருந்ததுண்டா என்றும் கேட்டார். அப்படி ஏறியும் இறங்கியும் வருகிற இருமுனைக் கோளாறு உள்ளவருக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் அது மனத்தை எதிர்த்திசையில் தள்ளிவிடக்கூடும் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். நண்பருக்குக் கேட்டது என்பதற்காக அவர் மாத்திரையை வாங்கி விழுங்கக் கூடாது என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

இனி மாத்திரையைப் பற்றி. இவை எந்தக் கோட்பாட்டிலிருந்தும் பிறந்தவை அல்ல. 1950-களின் தொடக்கத்தில் காசநோய்க்குக் கொடுத்த ஐப்ரோனியசிட் என்ற மருந்து நோயாளிகளின் மனநிலையை உயர்த்துவதைத் தற்செயலாகக் கண்டார்கள். மனச்சிதைவுக்குப் பயன்படுமா என்று சோதிக்கப்பட்ட இமிப்ரமின் அதற்கு உதவாமல் மனச்சோர்வுக்கு உதவுவதை சுவிட்சர்லாந்தின் மருத்துவர் ரோலண்ட் குன் 1957-இல் வெளியிட்டார். மருந்து முதலில் வந்தது. அது ஏன் வேலை செய்கிறது என்ற விளக்கம் பிறகு தேடப்பட்டது. மூளையில் செரட்டோனின் என்ற வேதிப்பொருள் குறைந்ததால்தான் மனச்சோர்வு வருகிறது, நீரிழிவுக்காரருக்கு இன்சுலின் போல உங்களுக்கு இது என்று எனக்கும் சொன்னார்கள். அந்த ஒப்புமை ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் 2022-இல் வெளியான ஒரு விரிவான மறுஆய்வு, மனச்சோர்வு உள்ளவர்களுக்குச் செரட்டோனின் குறைந்திருக்கிறது என்பதற்கு ஒத்திசைவான சான்று இல்லை என்று கூறியது. அதைப் படித்த சிலர், அப்படியானால் மருந்தே பொய் என்று முடிவு கட்டினார்கள். அது தவறு. ஒரு மருந்து எப்படி வேலை செய்கிறது என்பது ஒரு கேள்வி. வேலை செய்கிறதா என்பது வேறு கேள்வி. காய்ச்சல் மாத்திரை காய்ச்சலைத் தணிக்கிறது என்பதால், உடம்பில் காய்ச்சல் மாத்திரை குறைந்ததால்தான் காய்ச்சல் வந்தது என்று யாரும் சொல்வதில்லை.

வேலை செய்கிறதா என்ற கேள்விக்கு 2018-இல் லான்செட் இதழில் வந்த தொகுப்பாய்வு பெரிய அளவில் விடை தேடியது. 21 மருந்துகள், 522 சோதனைகள், 1,16,477 பேர். எல்லா மருந்துகளும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கொடுத்த மருந்தில்லாத வெற்று மாத்திரையைவிடக் கூடுதலாகப் பயன் தந்தன. ஆனால் அந்தக் கூடுதல் சராசரியில் மிதமானதே. சராசரி என்பது, சிலருக்கு வாழ்க்கையே திரும்பக் கிடைத்ததையும் சிலருக்கு எதுவும் மாறாததையும் கூட்டி வகுத்தது என்பதைக் கணக்கு எழுதுபவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சுமார் 4,000 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடந்து, 2006-இல் முடிவுகள் வெளியான பெரிய ஆய்வில், முதலில் கொடுத்த சிட்டலோபிராம் மாத்திரையால் அறிகுறிகள் ஏறத்தாழ முழுதும் நீங்கியவர்கள் மூன்றில் ஒரு பங்கினர்தான். ஆகவே முதல் மாத்திரை பலிக்காதது அபூர்வமும் அல்ல, நோயாளியின் குற்றமும் அல்ல. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: பக்க விளைவுகள் முதல் வாரத்திலேயே வந்துவிடும், பயன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகலாம். குமட்டலும் தலைவலியும் மட்டும் கண்ட அந்த இடைவெளியில்தான் பலர் மாத்திரையைக் கைவிடுகிறார்கள். எனக்கு ஐந்தாவது வாரம் ஒரு காலையில், எழுந்து பல் துலக்கி முடித்த பிறகுதான், இன்று அந்த அரைமணி நேரம் வரவில்லையே என்று உறைத்தது. அதற்கு மேல் எந்த அற்புதமும் நிகழவில்லை. அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது.

மாத்திரை மட்டும் போதும் என்று நான் வாதிடவில்லை. நாட்பட்ட மனச்சோர்வு உள்ள 681 பேரை வைத்து நடந்து 2000-இல் வெளியான ஓர் ஆய்வில், 12 வாரச் சிகிச்சைக்குப் பின் மருந்து மட்டும் பெற்றவர்களில் 48 விழுக்காட்டினரும், உளவியல் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் அதே 48 விழுக்காட்டினரும் தேறினார்கள். இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களில் தேறியவர்கள் 73 விழுக்காடு. (அதில் பயன்பட்ட நெஃபசோடோன் என்ற மருந்து, கல்லீரலுக்குத் தீங்கு செய்வது தெரிந்து பின்னர் பல நாடுகளில் சந்தையிலிருந்து நீக்கப்பட்டது. இந்தத் துறையில் எந்த நல்ல செய்தியும் முழுமையாக நல்ல செய்தியாக இருப்பதில்லை.) பல ஆண்டு நோய், ‘எதைச் செய்தாலும் ஒன்றும் ஆகாது’ என்ற நினைப்பை எலும்பில் ஊறவைத்துவிடுகிறது. மாத்திரை சோர்வைக் குறைத்தாலும் அந்த நினைப்பு தானாகக் கரைவதில்லை. அதைப் பேசித்தான் அவிழ்க்க வேண்டியிருந்தது.

இப்போது, மனம் தெளிந்தவுடன் நிறுத்திவிடுங்கள் என்ற வரிக்கு வருகிறேன். மாத்திரை எடுத்துத் தேறி நான்காம் ஆண்டில் இருந்தபோது, ஒருநாள் மாத்திரை அட்டை தீர்ந்தது. நன்றாகத்தானே இருக்கிறேன், இனி எதற்கு என்று அடுத்த அட்டையை வாங்காமல் விட்டேன். மூன்றாம் நாள் தலை சுற்றியது. கண்ணைப் பக்கவாட்டில் திருப்பும்போதெல்லாம் தலைக்குள் மின்சாரம் சொடுக்கியது போல் ஓர் அதிர்வு. இரவில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கனவுகள். பகலில் காரணமில்லாத கோபம், அதைத் தொடர்ந்து கண்ணீர். பத்தாம் நாள் ஒரு பொது மருத்துவரிடம் போனேன். நோய் திரும்பிவிட்டது, இனி ஆயுள் முழுக்க மாத்திரைதான் என்று சொல்லி, அளவை இரட்டிப்பாக்கி எழுதித் தந்தார். இரண்டு நாளில் எல்லாம் அடங்கிவிட்டதால், அவர் சொன்னதே சரி என்று நினைத்தேன். அடுத்த 6 ஆண்டுகள் அதே இரட்டை அளவுதான் தொடர்ந்தது. சீட்டை நீட்டினால் மாத்திரை வந்தது. எப்படி இருக்கிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் யாரிடமும் கேட்கவில்லை.

அந்தப் பத்து நாட்களில் எனக்கு வந்தது நோய் அன்று, மாத்திரையைத் திடீரென விட்டதன் விளைவு என்பதை வேறொரு மருத்துவர் விளக்கியபோது, நான் மாத்திரை எடுக்கத் தொடங்கி 10 ஆண்டுகள் ஓடியிருந்தன. வேறுபாட்டைக் கண்டறிவது அவ்வளவு கடினமும் இல்லை. நிறுத்திய சில நாட்களுக்குள் வந்து, முன்பு நோயில் இல்லாத தலைச்சுற்றலும் மின்னதிர்வும் கூடவே இருந்து, மாத்திரையைத் திரும்ப எடுத்ததும் ஓரிரு நாளில் அடங்கினால், அது பெரும்பாலும் நிறுத்தத்தின் விளைவு. நோய் திரும்புவதாக இருந்தால் அது வாரக்கணக்கில், மெல்ல மெல்ல, பழைய முகத்தோடுதான் வரும். உடலைவிட்டு விரைவில் வெளியேறும் பராக்சிடின், வென்லாஃபாக்சின் போன்றவற்றை நிறுத்தும்போது இந்த விளைவு மிகுதி. நெடுநாள் உடலில் தங்கும் ஃப்ளூஆக்சிடினில் குறைவு. 2024-இல் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி, மாத்திரையை நிறுத்தியவர்களில் சுமார் 31 விழுக்காட்டினருக்கு ஏதாவதோர் அறிகுறி வந்தது. வெற்று மாத்திரையை நிறுத்தியவர்களிலும் 17 விழுக்காட்டினருக்கு வந்தது. ஆகவே மருந்தால் மட்டுமே துன்பப்படுபவர்கள் ஏழில் ஒருவர் அளவுதான் என்று ஆறுதல் கொள்ளலாம். அந்த ஏழில் ஒருவராக இருந்தவன் என்ற முறையில், அவரைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருக்கலாம் என்று தோன்றுகிறது.

இதைப் ‘பழக்கம்’ என்று சொல்வது சரியா? தூக்க மாத்திரைகளில் பல, நாளடைவில் அதே உறக்கத்துக்குக் கூடுதல் அளவைக் கேட்கும். மனமும் அவற்றை நாடும். மனச்சோர்வு மாத்திரைக்காக மனம் ஏங்குவதில்லை; ஒரு மாத்திரையைக் கூடுதலாகப் போட்டுக்கொண்டால் இன்பம் எதுவும் வருவதுமில்லை. அதனால் போதைப் பழக்கம் என்று சொல்வது பிழை. ஆனால் உடல் அதற்குப் பழகிக்கொள்கிறது என்பது உண்மை, அதை மறைப்பதும் பிழைதான். இங்கிலாந்தின் மனநல மருத்துவர்களின் ராயல் கல்லூரியே 2019-இல்தான், சிலருக்கு நிறுத்தத்தின் விளைவு கடுமையாகவும் நீண்டதாகவும் இருக்கக்கூடும் என்று தன் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டது.

எப்படிக் குறைப்பது என்பதில் பலருக்கும் தெரியாத ஒரு கணக்கு இருக்கிறது. 2019-இல் வெளியான ஒரு கட்டுரை, மூளைப் படங்களைக் கொண்டு இதை விளக்கியது. சிட்டலோபிராம் 20 மில்லிகிராம், மூளையில் அது பற்றிக்கொள்ள வேண்டிய இடங்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டைப் பிடித்துக்கொள்கிறது. பாதிக்கும் குறைவாக, 9 மில்லிகிராம் அளவுக்கு இறங்கினாலும் 70 விழுக்காடு பிடிபட்டே இருக்கிறது. 5 மில்லிகிராமிலும் சுமார் 60. ஆகவே 20-இலிருந்து 10, 10-இலிருந்து 5, 5-இலிருந்து ஒன்றுமில்லை என்று படியிறங்குபவர், முதல் இரண்டு படிகளில் ஒன்றையும் உணராமல், கடைசிப் படியில் மாடியிலிருந்து குதித்தது போல விழுகிறார். அளவு குறையக் குறையப் படிகளும் சிறியனவாக வேண்டும். அதற்காகச் சிலர் திரவ மருந்துக்கு மாற வேண்டியிருக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் எடுப்பது குறைப்பதாகாது. விரைவில் வெளியேறும் மருந்தானால் அது ஏற்றமும் இறக்கமுமாக உடலை இன்னும் அலைக்கழிக்கும்.

அப்படியானால் எல்லோரும் மெல்லக் குறைத்து நிறுத்திவிடலாமா என்றால், அதற்கும் நேரான விடை இல்லை. பல மாதங்களாகவோ ஆண்டுகளாகவோ மாத்திரை எடுத்து, நிறுத்தலாம் என்று எண்ணும் அளவுக்கு நலமாக இருந்த 478 பேரை இங்கிலாந்தில் ஓராண்டு கவனித்து, முடிவை 2021-இல் வெளியிட்டார்கள். மாத்திரையைத் தொடர்ந்தவர்களில் 39 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது. நிறுத்தியவர்களில் 56 விழுக்காட்டினருக்குத் திரும்பியது. தொடர்வதற்கே ஆதரவான முடிவு என்று இதைப் படிக்கலாம். நிறுத்தியவர்களில் 44 விழுக்காட்டினர் அந்த ஓராண்டை நோயின்றிக் கடந்தார்கள் என்றும் படிக்கலாம். இரண்டுமே உண்மை. தான் எந்தப் பக்கம் என்பதை முன்கூட்டியே அறிய வழியில்லாததால்தான், தக்க நேரம் பார்த்து, மருத்துவரின் கண்காணிப்பில், திரும்பி வரும் வழியை அடைக்காமல் செய்து பார்க்க வேண்டியிருக்கிறது. பலமுறை வந்த நோய், கடுமையான நோய், தற்கொலை முயற்சி வரை போன நோய் என்றால் தொடர்வதற்கான நியாயம் வலுவானது. ஒரே ஒருமுறை வந்து தேறியவரானால், தேறிய பின் குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்துவிட்டு நிறுத்துவதைப் பற்றிப் பேசலாம்.

என் கதையும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கிறது. கடந்த 2 ஆண்டுகளில் இரட்டை அளவிலிருந்து முதல் அளவுக்கும், அதிலிருந்து அதன் பாதிக்கும் ஒரு தொல்லையும் இல்லாமல் இறங்கினேன். இறங்கியபோது, பல ஆண்டுகளாகக் காணாமல் போயிருந்த ஒன்று திரும்பியது: உறவினர் ஒருவரின் இறப்புச் செய்தி கேட்டு அழ முடிந்தது. மனம் மரத்துப்போவதும் ஒரு பக்க விளைவு என்று அதுவரை எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அதற்கும் கீழே இறங்கியபோது, ஐந்தாறு வாரங்களில், அந்தக் காலை நேரத்து அரைமணி மெல்லத் திரும்பி வந்தது. இம்முறை அது எதுவென்று தெரிந்திருந்ததால் மருத்துவரிடம் சொல்லி ஒரு படி ஏறினேன், அங்கேயே நிற்கிறேன். ஆயுள் முழுக்க இங்கேதானா என்று இப்போது கேட்டுக்கொள்வதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவர் என்னிடம் கேட்கிறார்.

நாட்பட்ட மனச்சோர்வுக்கான சிகிச்சையில் மிகவும் விடுபட்டுப்போவது இந்த மறுபரிசீலனைதான் என்பது என் கருத்து. மாத்திரைகளின் சோதனைகளில் பெரும்பாலானவை சில வாரங்களே நடந்தவை. மக்களோ ஆண்டுக்கணக்கில் எடுக்கிறார்கள். பாலுறவு ஆர்வம் குறைவதை மருத்துவர் கேட்டாலொழிய நோயாளி சொல்வதில்லை, கேட்பவர்கள் குறைவு. முதியவர்களுக்கு இரத்தத்தில் சோடியம் குறைந்து குழப்பமும் தள்ளாட்டமும் வரலாம். அதை வயதின் கோளாறு என்று எண்ணிவிடுகிறார்கள். சில வலி மாத்திரைகளோடு சேரும்போது இரைப்பையில் இரத்தக் கசிவு ஏற்படும் வாய்ப்பு கூடுகிறது. ஒன்பதே கேள்விகளும் 0 முதல் 27 வரை மதிப்பெண்ணும் கொண்ட மனச்சோர்வு வினாத்தாள் ஒன்று மருத்துவர்களிடம் இருக்கிறது. நிரப்ப ஐந்து நிமிடம்கூட ஆகாது. என் 6 ஆண்டுகளில் அது ஒருமுறை என் முன் வைக்கப்பட்டிருந்தாலும், இரட்டை அளவு எனக்குத் தேவையா என்ற கேள்வி எழுந்திருக்கும்.

இளைஞர்களைப் பற்றி மட்டும் ஒரு சொல். குழந்தைகளுக்கும் பதின்வயதினருக்கும் இம்மாத்திரைகள் தொடக்கத்தில் தற்கொலை எண்ணத்தைக் கூட்டக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-இல் கடும் எச்சரிக்கை விடுத்து, 2007-இல் அதை 24 வயது வரை நீட்டியது. முதல் சில வாரங்களும் அளவை மாற்றும் நாட்களும் அருகிலிருந்து கவனிக்க வேண்டியவை என்பதே அதன் பொருள். மகன் அல்லது மகளின் மாத்திரையைப் பிடுங்கி எறிய வேண்டும் என்பதல்ல. அப்படி ஓர் எண்ணம் எந்த வயதினருக்கு வந்தாலும் அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும் நாள்வரை காத்திராமல் அன்றே சொல்ல வேண்டும்.

ஆசிரியர் அவர்களே, முழுக் கட்டுரைக்கும் மறுப்பு வெளியிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மனம் தெளிந்தவுடன் நிறுத்திவிடலாம் என்ற அந்த ஒரு வரிக்கு மட்டும், மருத்துவரைக் கலக்காமல் திடீரென நிறுத்தக் கூடாது என்று அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் ஒரு திருத்தம் வெளியிடுமாறு வேண்டுகிறேன். காலையில் நாளிதழைப் படித்துவிட்டு, கையிலிருந்த மாத்திரை அட்டையைக் குப்பையில் போட்டவர் யாரேனும் இருந்தால், அவருக்கு இன்னும் தலை சுற்றிக்கொண்டிருக்கலாம்.

கடிதத்தின் கீழ் என் பெயரை வெளியிட வேண்டாம். மறைப்பதற்கு இதில் ஒன்றுமில்லை என்று நானே இவ்வளவு எழுதிவிட்டு இதைக் கேட்பது முரண்தான். ஆனால் நான் கணக்குப் பார்க்கும் இடத்தில் தங்கள் நாளிதழைத்தான் வாங்குகிறார்கள்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகன்